பாலாமணி ஊட்டுச் செவுத்துல எங்க பூட்டு

வாங்க, உள்ள வாங்க. வெயில்ல எதுக்கு நிக்கறீங்க? இந்தச் சேர்ல உக்காருங்க. அது வேண்டாம், அதுக்கு ஒரு காலு ஆடும். எங்க ஊட்டுக்காரரு சாஞ்சு சாஞ்சு உக்காந்து அப்படி ஆயிப்போச்சு.

ஏனுங்க, நான் ஒண்ணு கேட்டாக் கோவிச்சுக்க மாட்டீங்களே? பதினாலாம் நெம்பர் ஊடு எதுன்னு எங்கிட்டக் கேட்டீங்க. பதினாலுன்னு இத்தாப் பெருசா எழுதி வெச்ச கேட்டுக்கு முன்னால நின்னுக்கிட்டே கேட்டீங்க. அட்ரஸ் தேடி வாரவங்க காரை முக்குலயே நிறுத்திப்போட்டு, இந்த வெயில்ல நல்ல சேலை கசங்க நடந்து வருவாங்களா? பொண்ணை விசாரிக்கத்தானுங்களே வந்தீங்க? பாருங்க, சிரிச்சுட்டீங்க. சிரிச்ச பொறகு மறைக்கறதுக்கு என்ன இருக்குது! இதுல வெக்கப்பட ஒண்ணுமில்லீங்க. எங்க பையனுக்குப் பொண்ணு பாத்தப்ப நானும் இதே வேலையத்தான் பண்ணுனேன். தாராபுரத்துல ஒரு தெருவுல, செருப்பு அந்து போச்சுன்னு சொல்லி நல்லா இருந்த செருப்பைக் கையில தூக்கிக்கிட்டு நின்னேன். அந்த ஊட்டம்மா உள்ள போயி ஊசியும் நூலும் கொண்டாந்துருச்சு. "எங்க அந்துருக்குது, காட்டுங்க"ன்னு கேட்டப்ப நான் முழிச்ச முழி இருக்குதே!

தாயும் மகளும் இப்பத்தானுங்க கோயிலுக்கு வண்டியில போனாங்க. வந்துருவாங்க. அதுக்குள்ள நீங்க கேக்க வேண்டியதைக் கேட்டுக்கங்க. இந்தாங்க, மோரு. உப்பு எச்சா இருந்தாச் சொல்லுங்க.

மொதல்லயே ஒண்ணு சொல்லிப்போடறேன். எங்களுக்கும் அந்த ஊட்டுக்கும் பேச்சுவார்த்தை கெடையாது. பஞ்சாயத்து எலக்சன் வந்ததுலருந்து கெடையாது. அதனால நான் சொல்றதை நீங்க தைரியமா நம்பலாம். பழக்கத்துல இருந்தா, நம்ம புள்ளையாச்சேன்னு ரெண்டு வார்த்தை கூடச் சேத்துச் சொல்லுவேன். இப்ப அந்தத் தொந்தரவே இல்ல. உள்ளது உள்ளபடி வரும். ஒரு பொண்ணோட வாழ்க்கை விசயத்துல நான் பொய் சொல்ல மாட்டேனுங்க. அது பாவம்.

சண்டை எதுக்குன்னு கேக்கறீங்களா? திரும்பிப் பாருங்க. அந்தச் செவுத்தைப் பாருங்க. அதுக்குத்தான்.

எதுவும் தெரியலைங்களா? அந்த அவரைக்கொடியை ஒதுக்கிப் பாருங்க. பூட்டுத் தெரியுதுங்களா? அதுக்குப் பக்கத்துல சாவி. "உங்கள் பொன்னான வாக்கு"ன்னு எழுதியிருந்துச்சு, இப்ப "உங்கள் பொன்"னு மட்டும்தான் தெரியுது, மிச்சத்தைக் கொடி மூடிக்கிச்சு.

இந்தச் செவுரு கதையை முழுசாக் கேட்டாத்தான் உங்களுக்கு அந்தக் குடும்பத்தோட கொணம் புரியும். இந்த லேஅவுட்டுல மொத மொதல்ல ஊடு கட்டுனது நாங்க ரெண்டு பேருந்தான். அப்ப பாலாமணி, அதான் பொண்ணோட அம்மா, வந்து கேட்டா. "அக்கா, ரெண்டு ஊட்டுக்கும் நடுவுல செவுரு ஒண்ணு பாதிப் பாதிப் போட்டுக் கட்டிக்கலாமா?"ன்னு. எங்க ஊட்டுக்காரரு, "எதுக்குச் செவுரு, கம்பி வேலியே போதும்"னுட்டாரு. அவரு அப்படித்தான், ரெண்டு ரூவாய்க்குக் கீரை வாங்குனாக்கூட நாலு தடவை யோசிப்பாரு. சரின்னு அவங்களே அவங்க எடத்துக்குள்ள தள்ளிக் கட்டிக்கிட்டாங்க. கட்டுனதோட விடோணுமா இல்லையா? நம்ம பக்கத்தையும் பூசி, நம்ம பக்கத்துக்கும் வெள்ளையடிச்சு வெச்சாங்க. நாங்க கேட்டமா? கேக்கலையே. "உங்க வாசலுக்கு அழகா இருக்கும்க்கா"ன்னா. எங்க வாசலு அழகா இல்லைன்னு சொல்லாமச் சொன்ன மாதிரிதானே?

செவுரு அவங்களுதுதான், நான் இல்லைன்னு சொல்லலை. ஆனா அதோட மொகம் எந்தப் பக்கம் இருக்குது? எங்க பக்கம். காலைல எந்திரிச்சுக் கதவைத் தொறந்தா அதும் மொகத்துல முழிக்கறது ஆரு? நாந்தானே. அவங்க அந்தப் பக்கத்தைப் பாக்கறாங்க, நாங்க இந்தப் பக்கத்தைப் பாக்கறோம். அப்ப இந்தப் பக்கம் எங்களுதுதானே! இதைச் சொன்னா நீங்களும் பாலாமணி மாதிரியே பாக்கறீங்க. சரி விடுங்க. அந்த அவரைக்கொடியும் அப்படித்தான். வேரு அவங்க பக்கம், காயி எங்க பக்கம் தொங்குது. எங்க பக்கம் தொங்கறதை நான் பறிச்சுக்குவேன். அதுல அவ ஒண்ணும் சொன்னதில்ல. ஆனா சருகு எங்க வாசல்ல விழுகுதே, அதை ஆரு கூட்டறது? ரெண்டு தடவை அந்தப் பொண்ணு தாரணி வெளக்கமாத்தோட வந்து கூட்டிப்போட்டுப் போச்சு. ரெண்டு தடவைதான். மத்த நாளெல்லாம் நாந்தானுங்க.

எலக்சன் வந்துச்சு. தலைவர் பதவிக்கு எங்க ஊட்டுக்காரரோட பங்காளி ஆறுச்சாமி நின்னாரு. சின்னம் பூட்டு சாவி. எதுத்து நின்னது மயிலாவதி டீச்சர். பள்ளிக்கூடத்துல வேலை பாத்து ரிட்டயர் ஆன அம்மா. சின்னம் சீப்பு. பாலாமணி ஊட்டுல சீப்புக்கு. ஏன்னா, தாரணிக்கு எழுத்துச் சொல்லிக் குடுத்தது அந்த டீச்சர்தான். எழுத்துச் சொல்லிக் குடுத்தா ஓட்டுப் போட்டுரோணுமா? அப்படிப் பாத்தா எனக்குச் சைக்கிள் ஓட்டச் சொல்லிக் குடுத்தவங்களுக்கு நான் என்ன போடறது?

ஆறுச்சாமி ஒரு நாளு வந்தாரு. இந்தச் சேர்லதான் உக்காந்தாரு. பஸ் ஸ்டாப்பைப் பாத்தாரு, செவுத்தைப் பாத்தாரு. பஸ்ஸை விட்டு எறங்கற அத்தனை பேரு கண்ணும் நேரா இந்தச் செவுத்துலதான் விழுகும், எங்க பக்கம் வெறும் கம்பி வேலிதானே, மறைக்கறதுக்கு ஒண்ணுமில்ல. "அண்ணா, ஊர்லயே இது மாதிரிச் செவுரு இல்லீங்கண்ணா"ன்னாரு. எங்க ஊட்டுக்காரரை ஆருமே அண்ணான்னு கூப்புட்டு எதுவும் கேட்டதில்ல. உச்சி குளுந்து போச்சு. "நம்ம செவுருதான், எழுதிக்கப்பா"ன்னுட்டாரு. பாலாமணிகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், அதை நானும் சொல்றேன். ஆனா கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பா? சரின்னுதான் சொல்லியிருப்பா. எப்படியும் சரின்னு சொல்றவகிட்ட எதுக்குக் கேக்கோணும்?

ஆறுச்சாமி செலவைச் சுருக்கறதுல எங்க ஊட்டுக்காரருக்கே வாத்தியாரு. வரையறதுக்கு ஒரு ஆளைக் கூட்டிக்கிட்டு வந்தாரு. அந்த ஆளு மாட்டுப் பொங்கலுக்கு மாட்டுக் கொம்புக்கு வர்ணம் அடிக்கறவரு. நல்ல மனுசன், நான் ஒண்ணும் கொறை சொல்லலை. ஆனா பூட்டை அவரு வரைஞ்சாரு பாருங்க, தூக்குப்போசி மாதிரியே இருந்துச்சு. பாலு வாங்கிட்டு வந்தரலாம். அது கூடப் பரவாயில்ல. சாவி வரைஞ்சாரு. நீளமா ஒரு கம்பி, அதுல வரிசையாப் பல்லு, பல்லு, பல்லு. எங்கயாச்சும் சாவிக்கு அத்தனை பல்லு இருக்குமுங்களா? நல்ல கருப்புல வேற அடிச்சாரு.

மறுநாளு பஸ்ஸை விட்டு எறங்குனவங்க என்னைப் பாத்து, "ஏனுங்க சரசக்கா, நீங்களும் சீப்புக்கு மாறிட்டீங்களா?"ன்னு கேக்கறாங்க! சந்தைக்குப் போற பொம்பளை ஒருத்தி, "டீச்சருக்குத்தான் போடோணும், சீப்பு நல்லா வந்துருக்குது"ன்னுபோட்டுப் போறா. எனக்கு மானம் போச்சு. ஆறுச்சாமிகிட்டச் சொன்னா, "சாவின்னு கீழ எழுதிரலாமுங்கக்கா"ங்கறாரு. சாவியைப் பாத்துச் சாவின்னு தெரியலைன்னா, எழுதி வெச்சா ஆரு நம்புவாங்க?

அப்பத்தானுங்க அந்தப் புள்ள வந்துச்சு. தாரணி. கையில பிரஷ்சும் ரெண்டு டப்பாவும். அவங்கம்மா கூட வந்திருந்தா. பாலாமணி செவுத்தைப் பாத்தா, என்னைப் பாத்தா. "ஏனுங்கக்கா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுல்ல?"ன்னா. அவ்வளவுதான் கேட்டா. கேட்ட விதத்தைப் பாருங்க, சத்தமே போடாம! சத்தம் போட்டிருந்தா நானும் போட்டிருப்பேன், அன்னைக்கே முடிஞ்சிருக்கும். மெதுவாக் கேட்டாளா, எனக்கு ஆங்காரம் வந்துருச்சு. "எங்க பக்கத்துல நாங்க எழுதறோம், உனக்கென்ன?"ன்னு கேட்டுப்போட்டேன். அவ திரும்பி ஊட்டுக்குள்ள போயிட்டா. புள்ள மட்டும் நிக்குது.

"பெரீம்மா, செவுத்துல எழுதுனது எழுதிட்டீங்க. பூட்டுன்னா பூட்டு மாதிரி இருக்கட்டும்"னு சொல்லிப்போட்டு வரைய உக்காந்துருச்சு. சாவிப் பல்லையெல்லாம் வெள்ளையடிச்சு அழிச்சு, ரெண்டே ரெண்டு பல்லு வெச்சுது. தூக்குப்போசிக்கு ஒரு ஓட்டை போட்டு, மேல வளையத்துக்கு வெளிச்சம் விழுகற மாதிரி மஞ்சள்ல ஒரு கோடு இழுத்துச்சு பாருங்க, அப்படியே கையை வெச்சாத் தொறந்தரலாம்ங்கற மாதிரி ஆயிப்போச்சு. அவங்க ஊட்டு ஓட்டு சீப்புக்கு. சாவி சீப்பு மாதிரி இருந்தா அவங்களுக்குத்தான் லாபம். அப்படியே விட்டிருக்கலாமுல்ல? நான் கேட்டேன். "ஏமாத்தி வாங்கற ஓட்டு எங்க டீச்சருக்கு வேண்டாம் பெரீம்மா"ன்னுச்சு. வாயைப் பாத்தீங்களா? எங்க பூட்டை வெச்சே எங்களை மட்டந்தட்டிப்போட்டுப் போயிருச்சு. நான் ஒரு டம்ளர் காப்பி குடுத்தேன். அது சும்மா, வெயில்ல நின்னுச்சேன்னு.

நெசத்தைச் சொல்றேன், வரைஞ்சது நல்லா இருந்துச்சு. நான் சொல்லலை, பஸ்ல வாரவங்க சொன்னாங்க.

அதுக்கப்பறம் ரெண்டு ஊட்டுக்கும் ஆரம்பிச்சுருச்சு. அவங்க கேட்டுல ஒரு தட்டி வெச்சாங்க, சீப்புப் படம் போட்டு. வெக்கட்டும், அவங்க கேட்டு. ஆனா அதை எங்க பக்கம் சாச்சு வெச்சிருந்தாங்க. காத்துக்குச் சாஞ்சுதுன்னாங்க. காத்து எப்பவும் எங்க பக்கந்தான் அடிக்குமா? நான் என்ன பண்ணுனேன், அதுக்கு முன்னால எங்க எடத்துல கயிறு கட்டித் துணி காயப்போட்டேன். சேலை, போர்வை, பெட்சீட்டு, எல்லாம். சீப்பு ஒரு பல்லுக் கூட வெளிய தெரியக்கூடாது. தொவைக்கறதுக்குத் துணி இல்லாத நாளு, தொவைச்சதையே மறுக்காத் தொவைச்சேன். எங்க ஊட்டுக்காரரு போட்டுக்கறதுக்கு ஒரு சட்டை கூடக் காயாமப் பனியனோட சுத்துனாரு.

ஒரு நாளு நாங்க எல்லாரும் ஆறுச்சாமி கூட ஓட்டுக் கேக்கப் போயிட்டோம். பாதி வழில நல்ல மழை. போச்சு, கொடியில கெடக்கற துணியெல்லாம் போச்சுன்னு ஓடி வாறேன். வந்து பாத்தாக் கொடியில ஒண்ணுமில்ல. அத்தனையும் எடுத்து மடிச்சு, நம்ம சன்னல்ல அடுக்கி வெச்சிருக்குது. ஆரு செஞ்சிருப்பா? பாலாமணிதான். மடிச்சதைப் பாத்தா, சேலைக்கு மேல சேலை, ஓரத்துக்கு ஓரம் சரியா. எனக்கு மடிக்கத் தெரியாதாக்கும்! அப்ப மறைப்பு எடுத்துப்போட்டதால சீப்புத்தானே வெளிய தெரிஞ்சுது? மழையைச் சாக்கு வெச்சு வேலையைக் காட்டிட்டாளேன்னு எனக்கு அன்னைக்கு வயிறு எரிஞ்சுது.

ஏனுங்க சிரிக்கறீங்க? இதெல்லாம் சிரிக்கற விசயமா?

இன்னும் பெரிசு இருக்குது, கேளுங்க. ஓட்டுப் போடறதுக்கு முந்தின வாரம், ஒரு ஜீப்பு வந்து நிக்குது. எலக்சன் ஆபீசர் அம்மா, கேமராவோட ஒரு ஆளு, ரெண்டு போலீஸ். ஆரோ போன் போட்டுச் சொல்லிட்டாங்களாம், அனுமதி இல்லாம அடுத்தவங்க செவுத்துல எழுதியிருக்குதுன்னு. "இந்தச் சுவர் யாருடையது?"ன்னு கேட்டாங்க. எங்க ஊட்டுக்காரரு நெஞ்சை நிமுத்திக்கிட்டு, "எங்களுதுங்க"ன்னாரு. ஆபீசர் அம்மா கம்பி வேலியைப் பாத்தாங்க, செவுத்தைப் பாத்தாங்க. "சுவர் வேலிக்கு அந்தப்பக்கம் இருக்குதே? சொந்தக்காரங்க சம்மதம் இல்லாம எழுதுனா வழக்குப் பதியணும், ஸ்டேஷனுக்கு வாங்க"ன்னாங்க. அவ்வளவுதான், "இல்லீங்க, அவங்களுதுங்க, அவங்களுதுங்க"ன்னு நாலு தரம் சொன்னாரு. அந்த மனுசனைப் பாக்கறதுக்கே எனக்கு என்னமோ பண்ணுச்சு. அவரு அப்ப பால் சொசைட்டில வேலைல இருந்தாரு. ரிட்டயர் ஆக ரெண்டு மாசந்தான். கேஸுன்னு ஒண்ணு பதிஞ்சா வேலையும் போயிரும், வர வேண்டிய பணமும் நின்னு போயிரும்னு அவருக்குப் பயம். ஆறுச்சாமிக்குப் போன் போட்டா எடுக்கவே இல்ல.

பாலாமணி அடுப்படில இருந்து ஈரக் கையோட வந்தா. "உங்ககிட்டக் கேட்டு எழுதுனாங்களா?"ன்னு ஆபீசர் அம்மா கேட்டாங்க. அவ கேமராவைப் பாக்கலை, எங்களைப் பாக்கலை. "ஆமாங்க, நாந்தானுங்க எழுதிக்கச் சொன்னேன்"னா.

ஆபீசர் அம்மா விடலை. "உங்க கேட்டுல சீப்பு வெச்சிருக்கீங்க. சுவத்துல பூட்டுக்கு எடம் குடுத்தீங்களா?"

"கேட்டு எங்க பிரியமுங்க. செவுரு பக்கத்து ஊட்டுக்காரங்க ஆசையாக் கேட்டாங்க, குடுத்தோம். அவங்க ஆருக்குப் போடோணும்னு நாங்க சொல்ல முடியுமுங்களா?"

"எழுதிக் குடுத்தீங்களா?"

"பக்கத்து ஊட்டுக்கு எதுக்குங்க எழுத்து? வாயில சொன்னாப் பத்தாதுங்களா?"

பத்தாதுன்னுட்டாங்க. அங்கயே ஒரு பேப்பரை ஜீப்பு மேல வெச்சு எழுதி, அவகிட்டக் கையெழுத்து வாங்குனாங்க. ஈரக் கையைச் சேலைல தொடச்சுக்கிட்டுப் போட்டா. எங்க ஊட்டுக்காரரு அவளைப் பாத்து ரெண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாரு. அவரை விடச் சின்னவளை! நான் கும்பிடலை.

ஏன் கும்பிடோணும்? அந்தப் பேப்பர்ல என்ன எழுதியிருந்துச்சு தெரியுமுங்களா? "எனக்குச் சொந்தமான சுவரில்"னு எழுதியிருந்துச்சு. எனக்குச் சொந்தமான சுவர்! ஆபீசர் முன்னால, போலீஸ் முன்னால, கேமரா முன்னால, செவுரு ரெண்டு பக்கமும் அவளுதுன்னு கையெழுத்துப் போட்டு வாங்கிக்கிட்டா. இத்தனை வருசமா நான் எங்க பக்கம் எங்க பக்கம்னு சொல்லிக்கிட்டிருந்தேன், ஒரே கையெழுத்துல முடிச்சுப்போட்டா. அது எப்பேர்ப்பட்ட மூளை பாருங்க. அன்னைக்கு நிறுத்துனதுதான் பேச்சு.

எலக்சன்ல டீச்சர் ஜெயிச்சுட்டாங்க. ஆறுச்சாமி அப்பறம் இந்தப் பக்கம் தலை வெச்சுக் கூடப் படுக்கலை. பூட்டு மட்டும் அப்படியே கெடக்குது. அவங்க செவுருன்னா அவங்க அழிச்சுக்கட்டும்னு நான் விட்டுட்டேன். அவ, "அக்கா ஊட்டுல எழுதுனது, அவங்களா அழிக்கற வரைக்கும் இருக்கட்டும்"னு விட்டுட்டாளாம். பால்காரன்கிட்டச் சொல்லியிருக்கறா. நேரா எங்கிட்டச் சொன்னா என்ன? நான்தான் பேச மாட்டேனே தவுர, அவ பேசுனாக் கேக்க மாட்டேன்னு சொல்லலையே.

தெனம் பொழுதோட இந்தச் சேரைப் போட்டு உக்காந்துக்குவேன். செவுத்துக்கு அந்தப் பக்கம் அவ பாத்திரம் வெளக்கற சத்தம் கேக்கும். முன்னெல்லாம் இங்க இருந்தே நாயம் பேசிக்குவோம், அவ மொகம் தெரியாது, கொரலுதான். இன்னைக்கு என்ன கொழம்புன்னு ஆரம்பிச்சா முடிக்கறதுக்குள்ள கொழம்பு ஆறிப்போயிரும். இப்ப பாத்திரச் சத்தம் மட்டுந்தான். கஷ்டமாத்தான் இருக்குது. எனக்கு மட்டும் கஷ்டம்னு நெனைக்காதீங்க, அவளுக்கும் இருக்கும்.

இவ்வளவுதானுங்க கதை. நான் கூட்டிச் சொல்லலை, கொறைச்சுச் சொல்லலை. என்னங்க, எந்திரிச்சுட்டீங்க? மோரு பாதி அப்படியே இருக்குது.

என்ன சொன்னீங்க?

ஆபீசர் முன்னாலயே கூசாமப் பொய் சொன்ன பொம்பளையா? நாளைக்கு உங்க ஊட்டுலயும் வந்து... இல்லீங்க, இருங்க. உக்காருங்க. நான் அப்படிச் சொல்லலையே. நான் எங்க பொய் சொன்னான்னு சொன்னேன்? கையெழுத்துப் போட்டா, செவுரு அவளுதுன்னா, அதைத்தானே நான் சொன்னேன். பொய்யின்னு நீங்களாச் சொல்றீங்க. தாய் பொய் சொன்னா மகளும் சொல்லுவான்னு தப்பா நெனைச்சுக்கிட்டு நீங்க போயிட்டா, நாளைக்கு நாலு பேருகிட்டச் சொல்லுவீங்க, பக்கத்து ஊட்டுக்காரியே சொன்னான்னு. ஐயோ, அது பாவமுங்க. அந்தப் புள்ள என்னங்க பண்ணுச்சு? எதிர்க்கட்சிச் சாவிக்கே பல்லைச் சரி பண்ணிக் குடுத்த புள்ளைங்க அது. அதைப் போயா பொய் சொல்லும்ங்கறீங்க?

நேராக் கேக்கறீங்க. சரி. அனுமதி குடுத்தாளா, இல்லையா. அதானே?

குடுத்தாங்க.

ஆமாங்க, கேட்டுத்தானுங்க எழுதுனோம். நானே போயிக் கேட்டேன். அடுப்படில இருந்தாங்க, "எழுதிக்கங்கக்கா, நம்ம செவுருதானே"ன்னாங்க. அவங்க ஆபீசர்கிட்டச் சொன்னது அத்தனையும் நெசம். ஒரு வார்த்தை பொய்யில்ல. அப்ப இத்தனை நேரம் சொன்னதா? அது கோவத்துல வாரதுங்க. பேசிப் பேசி எங்கயோ போயிட்டேன். வயசாயிருச்சுல்ல, எது முந்தி நடந்துச்சு, எது பிந்தி நடந்துச்சுன்னு கொழம்பிப் போகுது. நீங்க அதையெல்லாம் கணக்குல வெக்காதீங்க.

இந்தச் செவுரு அவங்களுது. அந்தப் பக்கமும் அவங்களுது, இந்தப் பக்கமும் அவங்களுது. அவங்க எடம், அவங்க செங்கல்லு, அவங்க பூசுனது. எங்க வாசலு அழகா இருக்கட்டும்னுதான் பூசுனாங்க. நாங்க ஆசைக்கு வாங்கி எழுதிக்கிட்டோம், அவ்வளவுதான். எந்தச் சாமி முன்னால வேண்ணாலும் வந்து சொல்றேன். உங்க பையனுக்கு அந்தப் புள்ளையைக் கட்டி வெச்சீங்கன்னா நீங்கதான் குடுத்து வெச்சவங்க. நாளைக்கு உங்க ஊட்டுல ஆராச்சும் ஒண்ணைத் தப்பா வரைஞ்சு வெச்சாக்கூட, சண்டை போடாம வந்து திருத்திக் குடுத்துட்டுப் போகும்.

அதா, வண்டிச் சத்தம் கேக்குது. அவங்கதான். மொகத்தைத் தொடச்சுக்கங்க, சேலையைச் சரி பண்ணிக்கங்க, முன் கேட்டு வழியாப் போங்க. நெம்பர் எதுன்னு இந்தத் தடவை கேக்காதீங்க, தெரிஞ்சு போயிரும்.

ஏனுங்க, ஒரு நிமிசம். கண்ணாலம் முடிஞ்சு, சொந்தமாயி, எல்லாம் ஆன பொறகும் சரி, செவுரு ரெண்டு பக்கமும் அவளுதுன்னு நான் சொன்னதை மட்டும் பாலாமணி காதுல போட்டுராதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.